கிளவுடில் மாடல் பயிற்சி: மாதம் 60 மலேசிய வெள்ளிக்குள் அடக்க முடியுமா?

செம்பனை_டிவிஷன்2:
வணக்கம். சுங்கை சிப்பூட் பக்கத்துத் தோட்டங்களில் எடுத்த செம்பனைக் (எண்ணெய்ப்பனை) குலைப் படங்களை வைத்து ஒரு மாடல் செய்கிறோம். காய், அரைப்பழம், பழம், மிகப்பழம், வெறுங்குலை என்று 5 வகையாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கைப்பேசியில் எடுத்த படம் 6,000 இருக்கிறது, ஒவ்வொன்றும் 3, 4 எம்பி. வீட்டுக் கணினியில் ஜிபியு (மாடல் பயிற்சியை விரைவாக்கும் சில்லு) கிடையாது. அமேசான் கிளவுடில் (இணையம் வழியாகக் கணினி வாடகைக்குத் தரும் சேவை) புதுக் கணக்கு திறந்து டெபிட் கார்டு கொடுத்தாயிற்று. மாதம் 60 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. பட்ஜெட் என்ற இடத்தில் 60 வெள்ளிக்கு ஈடான டாலரைப் போட்டால் அதோடு எல்லாம் நின்றுவிடும்தானே? பயிற்சி முடிந்ததும் மாடலை எண்ட்பாயிண்டாக (எப்போதும் இயங்கி, கேட்டால் பதில் தரும் சேவையகம்) வைத்து ஆப்பிலிருந்து கூப்பிடுவதாகத் திட்டம். சேஜ்மேக்கர் (அமேசானின் மாடல் பயிற்சிச் சேவை) நல்லதா, வெறும் இசி2 (அமேசானின் வாடகைக் கணினி) போதுமா, கூகலின் கொலாப்பே போதுமா?

மின்கம்பி:
முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன் தம்பி, ஏனென்றால் பணம் போவது அங்கேதான். பட்ஜெட் எதையும் நிறுத்தாது. அது மின்னஞ்சல் அனுப்பும், அவ்வளவுதான். கூகல் கிளவுடிலும் அப்படித்தான். அமேசானில் பில் கணக்கு உடனுக்குடன் ஏறுவதில்லை, 8 முதல் 12 மணி நேரம் பிந்தித்தான் வரும். இரவு 10 மணிக்கு ஓட விட்ட மெஷின் பற்றிய எச்சரிக்கை மறுநாள் காலையில் வரலாம்.

பட்ஜெட்டோடு 'ஆக்ஷன்' சேர்க்க முடியும். குறிப்பிட்ட இசி2 மெஷினை நிறுத்தச் சொல்லலாம், அல்லது புதிதாக எதையும் திறக்க முடியாதபடி ஐஏஎம் (அனுமதிக் கட்டுப்பாடு) தடை போடச் சொல்லலாம். ஆக்ஷன் வைத்த பட்ஜெட் 2 வரை இலவசம். கட்டாயம் போடுங்கள். ஆனால் அதுவும் பிந்தி வரும் அதே கணக்கைப் பார்த்துத்தான் வேலை செய்யும். அதனால் எல்லையை 60 வெள்ளியில் வைக்காமல் 35 வெள்ளியில் வையுங்கள்.

உண்மையான பூட்டு கோட்டாவில் (ஒரு கணக்கு எவ்வளவு திறக்கலாம் என்ற வரம்பு) இருக்கிறது. புதுக் கணக்குக்கு ஜி வகை ஜிபியு மெஷினின் கோட்டா பெரும்பாலும் 0 ஆகத்தான் இருக்கும், விண்ணப்பித்துத்தான் ஏற்ற வேண்டும். அப்போது 32, 64 என்று கேட்காதீர்கள். கோட்டா விசிபியு (மெய்நிகர் சிபியு) கணக்கில்தான், ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ் என்ற ஜிபியு மெஷினுக்கு 4 விசிபியு. அதனால் 4 மட்டும் கேளுங்கள், அதுவும் ஒரே ஒரு ரீஜனில் (அமேசானின் கணினி மையங்கள் உள்ள வட்டாரம்). பிறகு நீங்களே மறந்து இரண்டாவது மெஷினைத் திறக்கப் பார்த்தாலும் திறக்காது. உங்கள் கணக்கின் ரகசியச் சாவி யார் கையிலாவது சிக்கினாலும் அந்த வகையில் ஒரு மெஷினுக்கு மேல் ஓட்ட முடியாது. ஸ்பாட்டுக்கு (மலிவாகத் தந்து, வேண்டும்போது திரும்ப எடுத்துக்கொள்ளும் மெஷின்) கோட்டா தனி, அதையும் அதே போல 4 என்று கேளுங்கள்.

செம்பனை_டிவிஷன்2:
நன்றி அண்ணா. புதுக் கணக்குக்கு இலவசக் கிரெடிட் உண்டு என்கிறார்களே, அதை ஜிபியுவுக்குப் பயன்படுத்த முடியாதா?

மின்கம்பி:
2025 ஜூலை 15-க்குப் பிறகு திறந்த அமேசான் கணக்கில் இலவசத் திட்டம், கட்டணத் திட்டம் என்று இரண்டு உண்டு. கிரெடிட் மொத்தம் 200 டாலர் வரை கிடைக்கும். இலவசத் திட்டத்தில் 6 மாதம் ஆனதும் அல்லது கிரெடிட் தீர்ந்ததும் கணக்கே மூடிக்கொள்ளும், கார்டில் கை வைக்காது. ஆனால் அங்கே ஜிபியு மெஷின் திறக்க முடியாது. ஜிபியு வேண்டுமானால் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டும். மாறிய நிமிடத்திலிருந்து கிரெடிட் தீர்ந்ததும் கார்டுதான். கூகலின் 300 டாலர், 90 நாள் சோதனைக் காலத்திலும் ஜிபியு தரமாட்டார்கள். கல்லூரி மாணவர் யாராவது உங்கள் குழுவில் இருந்தால் மைக்ரோசாஃப்டின் கிளவுடான அஷூரின் மாணவர் கணக்கைப் பாருங்கள். 100 டாலர், 12 மாதம், கார்டே கேட்பதில்லை. செலவு எல்லை அதிலேயே பூட்டியிருக்கும், தீர்ந்தால் நின்றுவிடும்.

பால்மரம்:
எண்ட்பாயிண்ட் திட்டத்தை இப்போதே கைவிடச் சொல்வேன். கணக்கைப் பாருங்கள். சேஜ்மேக்கரில் டி4 ஜிபியு உள்ள ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ், வட வர்ஜீனியா விலை மணிக்கு 0.7364 டாலர். எண்ட்பாயிண்டை யாரும் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் மணி ஓடிக்கொண்டே இருக்கும். 30 நாளுக்கு 720 மணி, ஆக 530 டாலர். ஒரு டாலரை 4.20 வெள்ளி என்று வைத்தால் 2,227 வெள்ளி. அதன் மேல் சேவை வரி 8 விழுக்காடு சேர்த்தால் ஏறக்குறைய 2,405 வெள்ளி. வெளிநாட்டு இணையச் சேவைக்கு 2020 ஜனவரி முதல் 6 விழுக்காடாக இருந்த வரி 2024 மார்ச் 1 முதல் 8 ஆயிற்று, விலைப்பட்டியலில் அது சேர்ந்திருக்காது. கார்டு வங்கி நாணய மாற்றுக்கு எடுப்பது வேறு.

உங்கள் வேலைக்குச் சேவையகமே தேவையில்லை. உள் பாத்தியில் நின்று குலையைப் படம் எடுப்பவருக்கு இணைய லைன் கிடைக்காது, பிறகு எண்ட்பாயிண்டை எப்படிக் கூப்பிடுவார்? சிறிய மாடலான மொபைல்நெட் வி2-வுக்கு 35 லட்சம் பாராமீட்டர் (மாடல் கற்ற எண்கள்), கோப்பு 14 எம்பி சுமார். அந்த எண்களை 8 பிட்டாகச் சுருக்கினால் 4 எம்பிக்குள் வந்துவிடும். எஃபிஷியன்ட்நெட் பி0 கொஞ்சம் பெரிது, 53 லட்சம். இரண்டுமே சாதாரண ஆண்ட்ராய்டு கைப்பேசியில் நேரடியாக ஓடும். டென்சர்ஃப்ளோ லைட் அல்லது ஓஎன்என்எக்ஸ் கோப்பு வடிவத்துக்கு மாற்றி ஆப்புக்குள் வைத்துவிட்டால் மாதச் செலவு சுழி.

ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். 8 பிட்டுக்கு மாற்றும்போது அளவீட்டுக்கு 100, 200 படம் கொடுப்பீர்களே, அதில் ஐந்து வகையும் இருக்க வேண்டும், வெயிலிலும் நிழலிலும் எடுத்தவை இருக்க வேண்டும். வெயில் படம் மட்டும் கொடுத்தால் நிழலில் உள்ள அரைப்பழத்தைக் காய் என்று சொல்லத் தொடங்கும்.

இன்னொன்று: சேஜ்மேக்கரில் பயிற்சி, நோட்புக், எண்ட்பாயிண்ட் மூன்றுக்கும் கோட்டா தனித்தனி. பயிற்சிக்கு மட்டும் 1 கேளுங்கள். எண்ட்பாயிண்ட் கோட்டாவை ஏற்றாமல் விட்டால் தவறியும் அதில் ஜிபியு திறக்காது.

தமிழ்க்கணிமை:
மாதம் 60 வெள்ளி என்றால் வரியைக் கழித்து, 4.20 வீதம், கையில் 13.2 டாலர். இசி2-வில் ஜி4டிஎன் எக்ஸ்லார்ஜ் மணிக்கு 0.526. அப்படியானால் 25 மணி நேரம். ஆனால் 50 ஜிபி டிஸ்க்கை மாதம் முழுக்க வைத்திருந்தால் அதற்கே 4 டாலர், மிச்சம் 17 மணி சொச்சம்தான். மெஷினை நிறுத்தினாலும் டிஸ்க் வாடகை நிற்காது என்பதைப் பலர் பார்ப்பதில்லை.

6,000 படத்துக்கு இது தாராளம். ஆனால் படத்தை அப்படியே ஏற்றாதீர்கள் தம்பி. 12 மெகாபிக்சல் ஜேபெக்கை விரிப்பது சிபியு வேலை. அந்த மெஷினில் 4 விசிபியுதான், அது விரித்துக் கொடுக்கும்வரை ஜிபியு சும்மா காத்திருக்கும், மணிக்கான காசு மட்டும் ஓடும். ஜிபியு பயன்பாட்டைக் காட்டும் என்விடியா எஸ்எம்ஐ கட்டளையை ஓட்டிப் பாருங்கள். பயன்பாடு 20, 30 விழுக்காட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கோளாறு இதுதான். வீட்டிலேயே, எந்தப் பழைய கணினியானாலும், சிறிய பக்கம் 320 பிக்சல் வரும்படி எல்லாவற்றையும் சுருக்குங்கள். 20 ஜிபிக்கு மேல் இருப்பது 300 எம்பிக்குள் அடங்கும். படக் கோப்பிலுள்ள எக்ஸிஃப் திசைத் தகவலைப் பார்த்துப் படத்தைத் திருப்பிவிட்டுச் சுருக்குங்கள், இல்லையென்றால் பாதிப் படம் படுத்துக் கிடக்கும். பிறகு எல்லாவற்றையும் ஒரே டார் கோப்பாகக் கட்டி ஏற்றுங்கள். ஏற்றும் நேரமும் மிச்சம், மெஷின் திறந்தபின் இறக்கும் நேரமும் மிச்சம். சேஜ்மேக்கர் பயிற்சியில் படத்தை இறக்கும் நேரத்துக்கும் பில் உண்டு.

முதல் ஓட்டத்தை எந்தக் காரணத்துக்காகவும் காசு கொடுத்து ஓட்ட வேண்டாம். வகைக்கு 20 படம், 2 எபோக் (எல்லாப் படத்தையும் ஒரு சுற்று பார்ப்பது ஒரு எபோக்), வீட்டு சிபியுவில். கோப்புப் பாதை தவறு, வகைப் பெயர் தவறு, சேமிக்கும் இடத்தில் அனுமதி இல்லை என்கிற பிழையெல்லாம் அங்கேயே வெளியே வரட்டும்.

கரையோரம்77:
மாடல் பயிற்சித் தளமான காகிளை ஏன் யாரும் சொல்லவில்லை? தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்தினால் வாரம் 30 மணி நேரம் ஜிபியு இலவசம். பி100 ஒன்று அல்லது டி4 இரண்டு, ஒரே ஓட்டம் 12 மணி வரை. இந்த அளவு வேலைக்கு அதுவே மிகுதி. கார்டு கொடுக்காத இடத்தில் பில் வராது.

ஆனால் எடிட்டரைத் திறந்து ஜிபியுவை இயக்கிவிட்டுக் குறியீடு எழுதிக்கொண்டிருந்தால் அந்த நேரமும் 30 மணியில் கழியும். எழுதும்போது ஜிபியுவை அணைத்து வையுங்கள். எழுதி முடித்ததும் 'சேவ் அண்ட் ரன் ஆல்' கொடுத்தால் பின்னணியில் தனியாக ஓடி, முடிந்ததும் தானே மூடிக்கொள்ளும். மத்தியான இடிமழையில் வீட்டுக் கரண்டு போனாலும் அந்த ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. வெளியீட்டைக் காகிளின் வொர்க்கிங் அடைவில்தான் எழுத வேண்டும், வேறு இடத்தில் எழுதியது ஓட்டம் முடிந்ததும் போய்விடும்.

கொலாப்பில் 100 கணிப்பு அலகு 9.99 டாலர், 90 நாளில் காலாவதி. உலாவியின் தாவலை மூடினால் அலகு கழிவது நிற்காது, ரன்டைமை (அங்கே ஓடும் மெஷினை) துண்டிக்க வேண்டும். கூகல் டிரைவை இணைத்து 6,000 படத்தை ஒவ்வொன்றாகப் படிக்கவிட்டால் எபோக் நகரவே நகராது, பாதியில் பிழையும் அடிக்கும். டார் கோப்பை உள் டிஸ்க்குக்கு நகலெடுத்து அங்கே பிரியுங்கள்.

செம்பனை_டிவிஷன்2:
அப்படியானால் முதலில் காகிள். ஆனால் அடுத்த கட்டத்தில் 40,000 படம் சேரும், மாநில எல்லை தாண்டி வேறு தோட்டங்களிலிருந்தும் வரும். அப்போது அமேசானுக்குப் போக வேண்டியிருந்தால் ஸ்பாட் நம்பலாமா? பாதியில் பிடுங்கிக்கொள்வார்கள் என்கிறார்களே.

மின்கம்பி:
பிடுங்குவார்கள், உண்மைதான். இசி2-வில் 2 நிமிட முன்னறிவிப்பு, கூகலிலும் அஷூரிலும் 30 விநாடி. விலையில் 90 விழுக்காடு வரை குறையலாம் என்பது அமேசான் சொல்லும் உச்சம். ஜிபியு மெஷினில் அவ்வளவு குறையும் என்று கணக்குப் போடாதீர்கள், அன்றைய ஸ்பாட் விலையைப் பார்த்துவிட்டுத் திறங்கள்.

பிடுங்கினால் நட்டம் வராதபடி செக்பாயிண்ட் (பயிற்சியின் இடைச் சேமிப்பு) வைப்பது முக்கியம். 10, 15 நிமிடத்துக்கு ஒரு முறை எஸ்3-க்கு (அமேசானின் கோப்புச் சேமிப்பு) போய்ச் சேர வேண்டும். மாடலின் எடையை (அது கற்ற எண்களை) மட்டும் சேமித்தால் போதாது. ஆப்டிமைசர் (எடையைத் திருத்தும் பகுதி) நிலை, கற்றல் வீத அட்டவணை எங்கே நிற்கிறது, எத்தனையாவது எபோக் என்பதும் வேண்டும். எடையை மட்டும் ஏற்றித் தொடர்ந்தால் கற்றல் வீதம் பழையபடி உச்சத்திலிருந்து தொடங்கும், லாஸ் (பிழை அளவு) திடீரென்று ஏறும், முன்பு ஓட்டிய இரண்டு மணி நேரம் வீண். சேமிக்கும்போது தற்காலிகப் பெயரில் எழுதி முடித்த பிறகு பெயரை மாற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போதே மெஷின் போனால் உடைந்த கோப்பு நல்ல கோப்பின் இடத்தில் உட்கார்ந்துவிடும்.

சேஜ்மேக்கரின் ஸ்பாட் பயிற்சி உங்களுக்கு இன்னும் பொருத்தம். செக்பாயிண்டுக்கென்று ஒதுக்கிய அடைவில் எழுதினால் அதுவே எஸ்3-க்கு அனுப்பும், மெஷின் திரும்பக் கிடைத்ததும் அதுவே இறக்கித் தரும், வேலை முடிந்ததும் மெஷினை மூடிவிடும். உச்ச ஓட்ட நேரத்தை மட்டும் நீங்களே போடுங்கள், போடாவிட்டால் 24 மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளும். 2 மணி நேர வேலைக்கு 3 மணி போதும். உச்சக் காத்திருப்பு நேரம் அதைவிடக் குறையக் கூடாது.

இசி2-வில் நேரடியாக ஸ்பாட் கேட்டால் 'ஒரு முறை' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். 'நிலையான கோரிக்கை' கொடுத்துவிட்டு மெஷினை மட்டும் அழித்தால் கோரிக்கை உயிரோடு இருக்கும், இன்னொரு மெஷினைத் திறந்து வைக்கும். கோரிக்கையை முதலில் ரத்து செய்து, பிறகுதான் மெஷினை அழிக்க வேண்டும்.

தமிழ்க்கணிமை:
வீட்டில் கரண்டு போவதைக் கரையோரம் சொன்னார். அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். லைன் அறுந்தால் உங்கள் திரையில் எல்லாம் நின்ற மாதிரி தெரியும், அங்கே மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும். எஸ்எஸ்ஹெச் (தொலை நுழைவு) வழியாக நேரடியாக ஓட்டிய பயிற்சி அறுந்துபோயிருக்கும், மெஷினோ வெறுமனே காசு தின்னும். லைன் அறுந்தாலும் வேலையைத் தொடர வைக்கும் டிமக்ஸுக்குள் ஓட்டுங்கள். பயிற்சி ஸ்கிரிப்டின் கடைசியில் மெஷினை அணைக்கும் கட்டளையைச் சேருங்கள். பிழையில் முடிந்தாலும் அணைய வேண்டும் என்பதால் இரண்டுக்கும் நடுவே 'அண்ட்' குறி போடாமல் அரைப்புள்ளி போடுங்கள்.

இதில் கம்பெனிக்குக் கம்பெனி வேறுபாடு உண்டு. இசி2-வில் உள்ளிருந்து அணைத்தால் மெஷின் கட்டணம் நிற்கும். கூகலிலும் நிற்கும். அஷூரில் நிற்காது! அங்கே லினக்ஸை உள்ளிருந்து அணைத்தால் 'நிறுத்தப்பட்டது' என்று காட்டும், மெஷின் உங்கள் பெயரில்தான் ஒதுக்கியிருக்கும், மணிக்கணக்கு தொடரும். 'டிஅலொகேட்' (ஒதுக்கீடு நீக்கம்) ஆக வேண்டும். அதற்குப் பலகத்திலிருந்தோ அதன் கட்டளைக் கருவியிலிருந்தோதான் நிறுத்த வேண்டும். அஷூர் எம்எல் கிளஸ்டரில் (மெஷின் தொகுதி) குறைந்தபட்ச நோடை (மெஷின் எண்ணிக்கையை) 0 என்று வையுங்கள், 1 என்றால் ஒரு மெஷின் இரவு பகலாக நிற்கும்.

இசி2-வில் கூடுதல் காவலாக ஒரு கிளவுட்வாட்ச் (அமேசானின் கண்காணிப்புச் சேவை) அலாரம்: சிபியு பயன்பாடு ஒரு மணி நேரம் தொடர்ந்து 5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மெஷினை நிறுத்து. இது பில் கணக்குக்குக் காத்திருப்பதில்லை, அதனால் பட்ஜெட்டைவிட விரைவாக வேலை செய்யும்.

பால்மரம்:
சேமிப்பில் ஒளிந்திருப்பவை. மெஷினை அழித்தால் அதன் மூல டிஸ்க் சேர்ந்து போகும், பிறகு தனியாக மாட்டிய டிஸ்க் போகாது. ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் நகல்) போகாது. எலாஸ்டிக் ஐபியை (நிலையான இணைய முகவரியை) விடுவிக்காவிட்டால் மணிக்கு 0.005 டாலர், மாதம் 3.60. நாட் கேட்வே (தனிப்பட்ட நெட்வொர்க்கிலிருந்து இணையத்துக்குப் போகும் வாயில்) இருந்தால் வட வர்ஜீனியாவில் மணிக்கு 0.045, ஒன்றும் செய்யாமலே மாதம் 32 டாலர். தனிப்பட்ட நெட்வொர்க்கை விசார்ட் வழியாக உருவாக்கும்போது அந்தக் கட்டம் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து எடுத்துவிடுங்கள்.

நம் பக்கத்து லைனுக்கு முக்கியமானது ஒன்று: பெரிய கோப்பை எஸ்3-க்கு ஏற்றும்போது துண்டு துண்டாகப் போகும். நடுவில் லைன் அறுந்தால் ஏறிய துண்டுகள் அங்கேயே தங்கும், கோப்புப் பட்டியலில் கண்ணுக்குத் தெரியாது, வாடகை மட்டும் ஏறும். பக்கெட்டின் (எஸ்3-இல் கோப்புகள் இருக்கும் இடம்) லைஃப்சைக்கிள் விதியில் 'முடியாத பல்பகுதி ஏற்றத்தை 7 நாளில் அழி' என்று ஒன்று போட்டுவிடுங்கள். வெர்ஷனிங் (பழைய பதிப்பையும் வைத்திருக்கும் வசதி) இயங்கினால் பழைய செக்பாயிண்ட் ஒவ்வொன்றும் தங்கும், செக்பாயிண்ட் பக்கெட்டுக்கு அது வேண்டாம்.

கரையோரம்77:
ரீஜன் பற்றி? 2024 ஆகஸ்டிலிருந்து அமேசானுக்கு மலேசியாவிலேயே ரீஜன் இருக்கிறது. அதை எடுப்பது நல்லதுதானே?

மின்கம்பி:
ஆப் உடனே பதில் சொல்ல வேண்டும் என்றால் பக்கத்து ரீஜன் பயன்படும். பயிற்சிக்குத் தூரம் பொருட்டே இல்லை. எந்த ரீஜனில் உங்களுக்கு வேண்டிய ஜிபியு வகை இருக்கிறது, எங்கே விலை குறைவு என்று மட்டும் பாருங்கள். வட வர்ஜீனியாவைவிடச் சிங்கப்பூர் விலை கூடுதல். எதை எடுத்தாலும் பக்கெட்டும் மெஷினும் ஒரே ரீஜனில் இருக்கட்டும், மாறினால் ஜிபி கணக்கில் கடத்தல் கட்டணம். வெளியே இறக்குவது மாதம் 100 ஜிபி வரை இலவசம், மாடல் கோப்பு இறக்க அது போதும்.

பலகத்தில் ஒரு நேரத்தில் ஒரு ரீஜன்தான் தெரியும். வேறு ரீஜனில் மறந்த மெஷின் அங்கே போய்ப் பார்த்தால்தான் தெரியும். வாரம் ஒரு முறை காஸ்ட் எக்ஸ்புளோரரில் (செலவு அறிக்கையில்) ரீஜன் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். பலகத்தில் பார்ப்பது இலவசம். அதையே ஸ்கிரிப்டில் கேட்டால் ஒரு கேள்விக்கு 0.01 டாலர்.

வெள்ளிக்கிழமை_வாசிப்பு:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். தோட்டப் பள்ளிகளின் பழைய ஆண்டு மலர்களைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறோம். அதைத் தலைப்பு வாரியாகப் பிரிக்க மொழி மாடல் ஏபிஐ (நிரல் வழியாக மாடலைக் கேட்கும் வசதி) பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்துக்கு ஆகும் செலவைவிடத் தமிழுக்குக் கூட ஆகிறதே?

தமிழ்க்கணிமை:
ஆகும் அக்கா. ஏபிஐ கட்டணம் டோக்கன் (உரையை வெட்டிய துண்டு) கணக்கு. தமிழ் எழுத்துகளைப் பல டோக்கனிசர்கள் துண்டு துண்டாக வெட்டுகின்றன. மாடலுக்கு மாடல் வேறுபாடு மிகப் பெரிது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய எடுத்துக்காட்டில், முன்பு 116 டோக்கன் எடுத்த தமிழ் வாக்கியம் புது டோக்கனிசரில் 35 ஆயிற்று. அதனால் விலைப்பட்டியலில் டோக்கன் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். உங்கள் மலரிலிருந்தே 20 பக்கத்தை ஒவ்வொரு மாடலுக்கும் கொடுத்து, பதிலோடு வரும் டோக்கன் எண்ணிக்கையைக் கூட்டி, விலையால் பெருக்கி, மொத்தப் பக்கத்துக்குக் கணக்குப் போடுங்கள்.

வெளியீட்டு டோக்கன் விலை உள்ளீட்டைவிடக் கூட. விளக்கம் எழுதச் சொல்லாமல் தலைப்புக்கு ஓர் எண் கொடுத்து, எண்ணை மட்டும் திருப்பித் தரச் சொல்லுங்கள், உச்ச வெளியீட்டையும் சிறிதாக வையுங்கள். அவசரம் இல்லாத வேலை என்பதால் தொகுதி முறையில் அனுப்புங்கள். ஓபன்ஏஐ, ஆந்த்ரோபிக் இரண்டிலும் அது பாதி விலை, 24 மணி நேரத்துக்குள் பதில். முன்பணம் கட்டி, தானே நிரப்பும் வசதியை அணைத்து வைத்தால் கட்டிய காசுக்கு மேல் பெரிதாகப் போகாது. பிழை வந்தால் மறுமுயற்சி செய்யும் சுழற்சிக்கு 5 முறை என்று எல்லை வேண்டும், இல்லையென்றால் ஒரே பக்கத்தை இரவெல்லாம் அனுப்பிக்கொண்டிருக்கும்.

பால்மரம்:
சாவிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குறியீட்டுக்குள் எழுதாதீர்கள், தனிக் கோப்பில் வைத்து அதைக் கிட்இக்னோரில் (பொதுவில் ஏறக் கூடாத கோப்புகளின் பட்டியல்) சேருங்கள். பொதுவில் ஏறிய சாவியைத் தேடும் நிரல்கள் சில நிமிடத்தில் எடுத்துவிடும். ஏறிவிட்டால் கோப்பை அழிப்பதால் பயனில்லை, வரலாற்றில் இருக்கும். சாவியையே ரத்து செய்யுங்கள். ரூட் (முதன்மை) கணக்குக்குச் சாவி உருவாக்கவே வேண்டாம், இரட்டைச் சரிபார்ப்பு போடுங்கள்.

செம்பனை_டிவிஷன்2:
எல்லாருக்கும் நன்றி. இப்போது காகிள், மாடல் கைப்பேசிக்குள், எண்ட்பாயிண்ட் இல்லை. 40,000 படம் வரும்போது இசி2, கோட்டா 4, பட்ஜெட் ஆக்ஷன் 35 வெள்ளியில், சிபியு அலாரம். மெஷின் திறக்கும்போதே 'யூசர் டேட்டா' என்ற கட்டத்தில் 'ஷட்டவுன்' கட்டளையைக் கூட்டல் குறி, 300 நிமிடத்தோடு போட்டுவிடுகிறேன். எப்போது திறந்தாலும் 5 மணி நேரத்தில் தானே அணைந்துவிடும், சரியா?

தமிழ்க்கணிமை:
முதல் முறை மட்டும் அணையும். யூசர் டேட்டா ஸ்கிரிப்ட் மெஷின் முதன்முதலாகப் பிறக்கும்போதுதான் ஓடும். நிறுத்திவிட்டு மறுநாள் மீண்டும் தொடங்கினால் ஓடாது, அன்று 5 மணி எல்லை இருக்காது. மெஷினுக்குள் போய் ரூட் பயனரின் கிரான்டேபில் (தானே ஓட வேண்டிய வேலைகளின் பட்டியல்) 'அட் ரீபூட்' வரியில் அதே கட்டளையை முழுப் பாதையோடு எழுதுங்கள். எழுதியதும் எண்ணை 3 ஆக்கி ஒரு முறை ரீபூட் செய்து, 3 நிமிடத்தில் அணைகிறதா என்று பார்த்துவிட்டு 300-க்கு மாற்றுங்கள். 3 நிமிடம் குறைவு என்பதால் உள்ளே நுழைந்ததும் முதலில் ஷட்டவுன் ரத்துக் கட்டளையைக் கொடுத்துவிட்டு வரியைத் திருத்துங்கள்.